லென்ஸுக்கு யுவி ஃபில்டர்: வாங்குவது, மாட்டுவது, கழற்றுவது

கேமராவும் லென்ஸும் தேர்ந்தெடுத்துப் பணம் கட்டப் போகும் நேரத்தில் கடைக்காரர் கடைசியாக ஒன்று கேட்பார்: "யுவி ஃபில்டர் ஒன்று சேர்த்துப் போட்டுவிடட்டுமா சார்?" புது லென்ஸ் பளபளவென்று கண்முன் இருக்கும்போது வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? சில நூறு ரூபாய்க்கு ஒரு கண்ணாடி வட்டம் லென்ஸின் முன் ஏறிவிடுகிறது. பெரும்பாலோர் அதன் பிறகு அதைக் கழற்றுவதே இல்லை.

ஃபில்டர் போடலாமா கூடாதா என்று புகைப்படக்காரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து பல ஆண்டுகளாக வாதாடுகிறார்கள். நான் இரண்டிலும் சேரவில்லை. எப்போது மாட்டுவது, எப்போது கழற்றுவது என்று தெரிந்தவருக்கு அது நல்ல கருவி. மாட்டிவிட்டு மறந்தவருக்கு, தேவையில்லாத இன்னொரு கண்ணாடி. அதனால் இந்த வழிகாட்டியில் மாட்டுவதைவிடக் கழற்றுவதைப் பற்றித்தான் அதிகம் இருக்கும்.

முதலில்: இந்தக் கண்ணாடி என்ன செய்கிறது?

நம் கண்ணுக்குத் தெரியும் ஒளி, அலைநீளத்தில் ஏறக்குறைய 400 நானோமீட்டரில் தொடங்குகிறது. அதற்குக் கீழே இருப்பது புற ஊதா, ஆங்கிலச் சுருக்கத்தில் யுவி. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் ஃபிலிமுக்கு அது தெரிந்தது. வண்ண ஃபிலிமில் நீலத்தைப் பதிவு செய்யும் அடுக்கு புற ஊதாவையும் சேர்த்து வாங்கிக்கொண்டது. குறுகிய அலைநீளம் காற்றில் அதிகம் சிதறும் என்பதால், 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவிலிருந்து தூரத்து மலைகளை எடுத்தால் நேரில் பார்த்ததைவிடப் படத்தில் நீலப் புகை கூடுதலாகப் படிந்திருக்கும். அதைக் குறைக்கத்தான் யுவி ஃபில்டர் வந்தது. மெல்லிய இளஞ்சிவப்புச் சாயம் கொண்ட ஸ்கைலைட் ஃபில்டரும் அந்தக் காலத்துச் சரக்குதான்.

டிஜிட்டல் கேமராவில் அந்த வேலை ஏறக்குறைய முடிந்துவிட்டது. படத்தைப் பதிவு செய்யும் சென்சாருக்கு முன்னாலேயே புற ஊதாவையும் அகச்சிவப்பையும் தடுக்கும் கண்ணாடி அடுக்கு இருக்கிறது. லென்ஸுக்குள் இருக்கும் கண்ணாடிகளும் புற ஊதாவில் பெரும்பகுதியை விழுங்கிவிடுகின்றன. விதிவிலக்குகள் அபூர்வம். 2006-இல் வந்த லைக்கா எம் 8 கேமராவில் சென்சாரின் முன்னிருந்த தடுப்பு மெல்லியதாக இருந்ததால் கறுப்புச் செயற்கைத் துணிகள் கத்தரிப்பூ நிறத்தில் விழுந்தன. அந்த நிறுவனம் வாங்கியவர்களுக்கு இரண்டு ஃபில்டர்களை இலவசமாகக் கொடுத்துச் சமாளித்தது. அங்கேயும் தொல்லை கொடுத்தது அகச்சிவப்புதான்.

கொடைக்கானல் பனிமூட்டத்தை யுவி ஃபில்டர் கிழித்துக் காட்டும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். அது நீர்த்துளி. எந்த ஃபில்டரும் அதை அகற்றாது.

ஆகவே இன்று நீங்கள் வாங்குவது ஒரு காப்புக் கண்ணாடி. நிக்கான் 'என்சி', கேனன் 'புரொடெக்ட்', பி பிளஸ் டபிள்யூ '007 கிளியர்' என்று நிறுவனங்களே புற ஊதாப் பேச்சை விட்டுவிட்டு வெறும் தெளிந்த கண்ணாடியாகவும் விற்கின்றன. டிஜிட்டல் கேமராவுக்கு இந்த இரண்டு வகையில் எது கிடைத்தாலும் சரி. இன்னும் ஃபிலிம் சுருள் போடுகிறவர்கள் மட்டும் யுவி என்று பார்த்து வாங்கட்டும்.

எதிலிருந்து காக்கும், எதிலிருந்து காக்காது

மணல், உப்புத் துளி, எண்ணெய்ப் பிசுக்கு, குழந்தையின் விரல், அடிக்கடி துடைப்பதால் வரும் மெல்லிய கீறல் ஆகியவற்றிலிருந்து காக்கும். கீழே விழுவதிலிருந்து காக்கும் என்பதுதான் கடைகளில் அதிகம் விற்கும் நம்பிக்கை. அதில் பாதிதான் உண்மை. ஃபில்டரின் கண்ணாடி மெல்லியது. லென்ஸின் முன் கண்ணாடி அதைவிடப் பல மடங்கு தடிமனானது. லென்ஸுக்கு ஒன்றும் ஆகாத அடியிலேயே ஃபில்டர் நொறுங்கிவிடும். "ஃபில்டர் உடைந்தது, லென்ஸ் தப்பியது" என்று சொல்பவர்களில் பலருக்கு, ஃபில்டர் இல்லாமலிருந்தாலும் கண்ணாடி தப்பியிருக்கும். மறுபக்கம், நொறுங்கிய சில்லுகள் முன் கண்ணாடியைக் கீறவும் கூடும். ஆனால் ஓரத்தில் அடிபட்டால் ஃபில்டரின் வளையம் நெளிந்து, லென்ஸின் மரையைக் காப்பாற்றுவது உண்டு. அந்தப் புண்ணியத்தை அதற்குக் கொடுக்கலாம்.

விழுவதற்கும் இடிபடுவதற்கும் சரியான காப்பு, லென்ஸின் முன்னால் குழல்போல நீண்டு நிற்கும் லென்ஸ் ஹூட். அடியை முதலில் அது வாங்கிக்கொள்கிறது. பக்கவாட்டு வெளிச்சத்தை மறைத்துப் படத்தின் தரத்தையும் உயர்த்துகிறது. பெட்டியோடு வராவிட்டால் ஃபில்டருக்கு முன் ஹூட்டைத்தான் வாங்கவேண்டும். பலர் அதைத் திருப்பி மாட்டியபடியே படம் எடுக்கிறார்கள். அப்படி வைத்தால் அது வெறும் சுமை.

முன் கண்ணாடியில் ஒரு சிறு கீறல் விழுந்தாலே லென்ஸ் போய்விட்டது என்ற பயமும் மிகை. குவியத்திலிருந்து மிக விலகி இருப்பதால் அது படத்தில் தெரிவது அரிது. சூரியனை எதிர்த்து எடுக்கும்போது தெளிவு சற்றுக் குறையும், அவ்வளவுதான். கேமராப் பக்கம் இருக்கும் பின் கண்ணாடியில் கீறல் விழுந்தால்தான் கவலைப்படவேண்டும். அங்கே யாரும் காப்பு ஃபில்டர் போடுவதில்லை!

ஒரு கணக்கு மட்டும் போட்டுப் பாருங்கள். கேமராவோடு வரும் 18-55 மி.மீ. போன்ற சாதாரண லென்ஸுக்கு விலை உயர்ந்த ஃபில்டர் வீண். விலை குறைந்த ஃபில்டரோ படத்தைக் கெடுக்கும். அதற்கு ஹூட்டும் மூடியும் போதும். பெரிய தொகை கொடுத்து வாங்கிய 24-70, 70-200 போன்றவற்றுக்கு நல்ல ஃபில்டர் ஒன்று நியாயமான செலவு. கேனனின் 17-40 எஃப் 4 போன்ற சில எல் வகை (அதன் உயர் வரிசை) லென்ஸ்களில், தூசியும் நீரும் புகாத தடுப்பு முழுமை பெற முன்னால் ஃபில்டர் மாட்டவேண்டும் என்று நிறுவனமே சொல்கிறது. ஜூம் செய்யும்போது அவற்றின் முன் கண்ணாடி உள்ளுக்குள் நகர்வதே காரணம்.

அளவு

லென்ஸின் முன்பக்கம் எழுத்து வளையத்தில், குறுக்குக் கோடு போட்ட வட்டக் குறியும் அதையடுத்து ஓர் எண்ணும் இருக்கும். 49, 52, 55, 58, 62, 67, 72, 77, 82 என்பவை வழக்கமான அளவுகள், எல்லாம் மில்லிமீட்டரில். மூடியின் உட்புறத்திலும் பெரும்பாலும் அதே எண் இருக்கும். 50 மி.மீ. லென்ஸ் என்றால் 50 என்ற அளவில் ஃபில்டர் கேட்டு நிற்பவர்கள் இன்றும் உண்டு. அது குவியத் தூரம், ஃபில்டருக்குச் சம்பந்தமில்லை. கேனனின் 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்டிஎம் லென்ஸுக்கு 49, நிக்கானின் 50 மி.மீ. எஃப் 1.8 ஜி லென்ஸுக்கு 58.

நிக்கான் 14-24 எஃப் 2.8 ஜி போல முன் கண்ணாடி உருண்டு புடைத்திருக்கும் லென்ஸ்களில் முன்பக்க மரையே கிடையாது. அவற்றுக்கு இந்தக் கேள்வியே எழாது.

வாங்கும்போது கையில் எடுத்துப் பாருங்கள்

எதிரொளியைக் குறைக்கும் பூச்சு இல்லாத கண்ணாடி ஒவ்வொரு பரப்பிலும் ஏறக்குறைய 4 சதவீத ஒளியைத் திருப்பியடிக்கும். இரண்டு பரப்புக்கும் சேர்த்து 8. இழந்த ஒளி பெரிதில்லை. அந்த 8 சதவீதம் எங்கே போய் விழுகிறது என்பதில்தான் தொல்லை இருக்கிறது. பல அடுக்குப் பூச்சு போட்ட நல்ல ஃபில்டரில் இது ஒரு சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும்.

இதைக் கடையிலேயே சோதிக்கலாம். ஃபில்டரைச் சாய்த்துப் பிடித்து, மேலே எரியும் ட்யூப்லைட் அதில் எப்படித் தெரிகிறது என்று பாருங்கள். பூச்சில்லாத கண்ணாடியில் ட்யூப்லைட் வெள்ளை வெளேரென்று, கிட்டத்தட்ட ஜன்னல் கண்ணாடியில் தெரிவது போலவே தெரியும். நல்ல பூச்சு போட்டதில் அந்தக் கோடு மங்கி, கரும்பச்சையாகவோ கருஞ்சிவப்பாகவோ ஒரு சாயல் மட்டும் நிற்கும். சற்று உற்றுப் பார்த்தால் இரண்டு பரப்பிலிருந்தும் இரண்டு கோடுகள் தெரியும். ஒன்று மங்கலாகவும் மற்றது வெள்ளையாகவும் இருந்தால் ஒரு பக்கம்தான் பூச்சு. வெள்ளைத் தாளின் மேல் வைத்தும் பாருங்கள். நன்றாக இருக்கும் ஃபில்டரின் கண்ணாடிப் பகுதி மறைந்துபோய் வளையம் மட்டும் இருப்பதுபோலத் தோன்றும்.

யுவி என்று எழுதியிருப்பது உண்மைதானா என்று அறிய இன்னொரு விளையாட்டு உண்டு. ரூபாய் நோட்டின் வரிசை எண்கள் புற ஊதா வெளிச்சத்தில் ஒளிரும். கள்ளநோட்டு பார்க்கும் சிறு புற ஊதா டார்ச்சை ஃபில்டர் வழியாக நோட்டின் மேல் அடியுங்கள். ஒளிர்வு அடங்கினால் ஃபில்டர் வேலை செய்கிறது. அப்படியே இருந்தால் வெறும் கண்ணாடி. மலிவான டார்ச்சுகள் 395 நானோமீட்டர் அளவில் ஒளி தருபவை. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் எல்லையை ஒட்டியிருப்பதால் நல்ல ஃபில்டரிலும் அது ஓரளவு கசியும். 365 நானோமீட்டர் டார்ச் இருந்தால் முடிவு தெளிவாக இருக்கும்.

வளையம் பித்தளையா அலுமினியமா என்று கேளுங்கள். பித்தளை கனமானது, விலையும் கூடுதல், ஆனால் மரையில் எளிதில் இறுகிக்கொள்ளாது. அகலக் கோண லென்ஸுக்கு மெல்லிய வளையம் வேண்டும். தடித்த வளையம் படத்தின் நான்கு மூலைகளையும் கறுப்பாக்கிவிடும். மெல்லியதிலும் முன்பக்கம் மரை இருக்கவேண்டும், இல்லாவிட்டால் லென்ஸ் மூடி நிற்காது.

ஹோயா, பி பிளஸ் டபிள்யூ, மருமி, நிசி, கென்கோ என்று எந்தப் பெயரானாலும் அதன் மலிவு வரிசையையும் உயர் வரிசையையும் பிரித்துப் பாருங்கள். ஒரே பெயரில் பூச்சில்லாததும் இருக்கும், பல அடுக்குப் பூச்சு போட்டதும் இருக்கும். போலிகளும் சந்தையில் ஏராளம் என்பதால், பாதி விலைக்குக் கிடைக்கும் பெரிய பெயரைச் சந்தேகக் கண்ணோடு பாருங்கள்.

மாட்டும் முறை

மின்விசிறியை நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள். தூசியை உள்ளே வைத்து மூடினால் பிறகு வெளியே எவ்வளவு துடைத்தும் போகாது.

1. லென்ஸைக் கீழ்நோக்கிப் பிடித்து, ரப்பர் ஊதுகுழலால் முன் கண்ணாடியை ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும்.
2. ஃபில்டரை ஓரத்தில் மட்டும் பிடித்து, இரண்டு பக்கமும் டார்ச் அடித்துப் பார்த்து ஊதுங்கள்.
3. ஃபோகஸ் செய்யும்போது முன்பகுதி சுழலும் பழைய லென்ஸ்களில், முதலில் சுவிட்சை மேனுவல் பக்கம் தள்ளுங்கள். ஆட்டோவில் இருக்கும்போது திருகினால் உள்ளே இருக்கும் பல்சக்கரங்கள் சிரமப்படும்.
4. லென்ஸின் முன்புறம் மேலே பார்க்க மேசையில் நிறுத்தி, ஃபில்டரைச் சமமாக வையுங்கள். முதலில் இடப்பக்கமாக மெல்லத் திருப்புங்கள். மரைகள் ஒன்றின் மேல் ஒன்று உட்காரும் இடத்தில் சின்னதாக ஒரு 'டக்' தெரியும். அங்கிருந்து வலப்பக்கம் திருகினால் கோணலாக ஏறவே ஏறாது.
5. நின்ற இடத்தில் நிறுத்துங்கள். அதற்கு மேல் ஒரு முறுக்கு வேண்டாம். வெயிலில் சூடேறிக் குளிர்ந்த பிறகு அது தானாகவே கொஞ்சம் இறுகும்.

பிறகு லென்ஸை அகலக் கோணத்தில் வைத்து, ஒளி நுழையும் துவாரத்தை முழுதாகத் திறந்து, வெள்ளைச் சுவரை ஃபில்டரோடு ஒரு படமும் இல்லாமல் ஒரு படமும் எடுங்கள். ஃபில்டரோடு எடுத்ததில் மட்டும் மூலைகள் கூடுதலாகக் கறுத்திருந்தால் வளையம் தடிமன். தொலைநோக்கு லென்ஸ் என்றால் இன்னொரு சோதனையும் செய்யவேண்டும்: கேமராவை ட்ரைபாடில் வைத்து, தூரத்திலிருக்கும் பெயர்ப்பலகையை ஃபில்டரோடும் இல்லாமலும் எடுத்து, பெரிதாக்கி ஒப்பிடுங்கள். கண்ணாடி சமதளமாக இல்லையென்றால் எழுத்துகளின் விளிம்பு கரைந்திருக்கும். 50 மி.மீ. லென்ஸில் தெரியாத குறை 300 மி.மீ. லென்ஸில் அம்பலமாகிவிடும்.

மாட்டியே ஆகவேண்டிய இடங்கள்

தனுஷ்கோடியில் காற்று வீசும் நாளில் மணல் முழங்கால் உயரத்தில் ஓடும். அங்கே தாழ்வாக உட்கார்ந்து படம் எடுப்பவர் ஃபில்டர் இல்லாமல் போகக்கூடாது. ஜல்லிக்கட்டு வாடிவாசல் எதிரில் கிளம்பும் புழுதிக்கும் இதே விதி. மதுரையில் அழகர் ஆற்றில் இறங்கும்போது பக்தர்கள் தோல் பைகளிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சுவார்கள். கூட்டத்தின் நடுவே நிற்கும் கேமராவும் நனையத்தான் செய்யும். கல்யாண வீட்டில் பன்னீர், சந்தனம், ஹோமப் புகையின் பிசுக்கு. வெல்டிங், கிரைண்டிங் நடக்கும் பட்டறையில் தெறிக்கும் பொறி கண்ணாடியிலேயே பதிந்துவிடும். அங்கே ஃபில்டரைச் செலவழியும் பொருளாகவே கணக்கில் வைத்துக்கொள்ளவேண்டும்.

கழற்றியே ஆகவேண்டிய இடங்கள்

கார்த்திகை தீபத்தன்று வீட்டு வாசலில் அகல் வரிசையை எடுக்கிறீர்கள். இடப்பக்கம் கீழே சுடர்கள். படத்தைப் பெரிதாக்கினால் வலப்பக்கம் மேலே, இருட்டில், தலைகீழாக இன்னொரு அகல் வரிசை மங்கலாக மிதக்கிறது. எந்தச் சுடரிலிருந்தும் படத்தின் மையத்தின் வழியாக ஒரு கோடு இழுத்து, அதே தூரம் அந்தப் பக்கம் போனால் அதன் போலிச் சுடர் நிற்கும். இப்படி அமைந்தால் காரணம் பெரும்பாலும் ஃபில்டர்தான்.

நடப்பது இதுதான். சென்சாரின் மேல் விழுந்த ஒளியில் ஒரு பங்கு திரும்பி, வந்த வழியே லென்ஸைக் கடந்து வெளியே போகிறது. லென்ஸின் முன் கண்ணாடி வளைந்தது, அதில் பட்டுத் திரும்பும் ஒளி சிதறிப் பரவிவிடும். ஃபில்டரோ தட்டையான கண்ணாடி. அது ஒளியைச் சிதறாமல் அப்படியே திருப்பி அனுப்ப, லென்ஸ் அதை மறுபடியும் கூர்மையாகக் குவித்து மையத்தின் எதிர்ப்புறத்தில் வைக்கிறது. பூச்சு நன்றாக இருந்தால் இது வெகுவாகக் குறையும், முழுதாக ஒழியாது. ஆகவே இருட்டுப் பின்னணியில் பிரகாசமான விளக்கு வருமிடமெல்லாம் கழற்றுங்கள்: இரவு நகரம், கோபுர மின்விளக்கு, தீபாவளி வாணம், மேடை விளக்கு, சூரியனைச் சட்டத்துக்குள் வைத்து எடுக்கும் காட்சி. இதை ஒருநாள் வீட்டிலேயே மெழுகுவத்தி ஏற்றிச் சோதித்துவிடுங்கள். உங்கள் ஃபில்டரின் யோக்கியதை தெரிந்துவிடும்.

எதிரொளியைக் குறைக்கும் போலரைசரோ, ஒளியின் அளவைக் குறைக்கும் என்.டி. ஃபில்டரோ மாட்டும்போதும் யுவியைக் கழற்றிவிட்டுத்தான் மாட்டவேண்டும். அடுக்கினால் மூலை கறுக்கும், பரப்புகள் கூடுவதால் எதிரொளியும் கூடும். நார்வே, ஐஸ்லாந்து பக்கம் வடதுருவ ஒளியைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு தனிச் செய்தி: அந்தப் பச்சை 557.7 நானோமீட்டரில் ஒற்றை அலைநீளமாக வருவதால், தட்டையான ஃபில்டர் படத்தின் நடுவே வளையம் வளையமாகக் கோடுகளை உண்டாக்கும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் அங்கே கழற்றத்தான் வேண்டும்.

சுத்தமும் ஈரமும்

அழுக்கு ஃபில்டர், ஃபில்டர் இல்லாததைவிட மோசம். முதலில் ஊதுங்கள், பிறகு மென்தூரிகை, கடைசியில்தான் மைக்ரோஃபைபர் துணி. லென்ஸ் துடைக்கும் திரவத்தைத் துணியில் விடுங்கள், கண்ணாடியில் விடவேண்டாம். சட்டை நுனியும் வேட்டித் தலைப்பும் இதற்கானவை அல்ல.

கடற்கரையிலிருந்து வந்தால் உலர்துணியால் தேய்க்காதீர்கள், உப்புப் படிகம் கீறும். இங்கேதான் ஃபில்டர் தன் விலையைத் திருப்பித் தருகிறது: கழற்றி, குழாய்த் தண்ணீரில் காட்டிக் கழுவிவிடலாம். லென்ஸை அப்படிச் செய்ய முடியுமா? கழுவிய பின் வளையத்தின் இடுக்கில் தண்ணீர் தங்கும், நன்றாக உலர்ந்த பிறகே மாட்டுங்கள்.

குளிரூட்டிய காரிலிருந்து சென்னை வெயிலில் இறங்கியதும் கண்ணாடி பனிக்கும். அந்த நேரத்தில் ஃபில்டரைக் கழற்றினால் ஈரம் முன் கண்ணாடிக்கும் போகும். கேமராவைப் பையிலேயே வைத்து மெல்லச் சூடேற விடுங்கள். இடைவெளிக்குள் ஈரம் புகுந்துவிட்டால், வீடு வந்ததும் இரண்டையும் பிரித்துத் துடைத்து உலர்த்தவேண்டும். மூடிய ஈரம் பூஞ்சைக்கு விருந்து. நெடுநாள் எடுத்துவைக்கும் லென்ஸைச் சிலிக்கா ஜெல்லோடு காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது.

சிக்கிக்கொண்டால், உடைந்தால்

கழற்ற வராத ஃபில்டரை எல்லோரும் இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துத்தான் திருகுகிறார்கள். அழுத்த அழுத்த வளையம் முட்டை வடிவமாகி மரையை இன்னும் கவ்வும். அகலமான ரப்பர் பேண்டை வளையத்தைச் சுற்றிப் போட்டு, ஐந்து விரல் நுனிகளையும் சுற்றிலும் பரப்பி, மெல்லப் பிடித்துத் திருப்புங்கள். வரவில்லையா? கழுவி உலர்த்திய ரப்பர் செருப்பின் அடிப்பாகத்தையோ மவுஸ் பேடையோ வளையத்தின் மேல் தட்டையாக வைத்து, உள்ளங்கையால் மிதமாக அழுத்தி இடப்பக்கம் திருப்புங்கள். பக்கவாட்டு அழுத்தம் இல்லாததால் பெரும்பாலும் இதற்கே வந்துவிடும். அடுத்து, ஃபில்டர் கழற்றுவதற்கென்றே விற்கும் பிளாஸ்டிக் இடுக்கி. எண்ணெய் மட்டும் விடவேண்டாம். அது ஊர்ந்து உள்ளே போய்க் கண்ணாடிகளிலும் துவாரத் தகடுகளிலும் படிந்துவிடும்.

ஃபில்டர் உடைந்துவிட்டால் லென்ஸை உடனே கீழ்நோக்கிப் பிடியுங்கள். அப்படியே வைத்துக்கொண்டு ஊதுங்கள்; துணியால் தொடவே கூடாது, ஒரு சில்லு போதும் கண்ணாடியில் கோடு இழுக்க. தளர்ந்த துண்டுகளைச் சாமணத்தால் எடுங்கள். வளையத்தில் இன்னும் நிற்கும் கண்ணாடியின் மேல் ஒட்டுநாடாவை மெல்ல ஒட்டினால், திருகும்போது அது உதிர்ந்து உள்ளே விழாது. வளையம் நெளிந்திருந்தால் பலம் காட்டாமல் அப்படியே சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள். நெளிந்த வளையத்தை வெட்டி எடுப்பது அவர்களுக்குப் பழகிய வேலை.